கமுகந்தோப்புகளுக்கு நடுவே ஓர் அரங்கம்

நீநாசம் என்ற பெயரை முதன்முறை கேட்கும் தமிழர் சற்றுத் திடுக்கிடுவது இயல்பு. பெங்களூரில் என்னுடன் பணிபுரிந்த கன்னட நண்பர் ஒருவர், "அக்டோபரில் நீநாசத்துக்குப் போகிறேன், நீங்களும் வாருங்கள்" என்று அழைத்தபோது, அது ஓர் ஊரின் பெயரா, விழாவின் பெயரா என்றுகூட எனக்கு விளங்கவில்லை. ஸ்ரீ நீலகண்டேஸ்வர நாட்டியசேவா சங்கம் என்ற நீண்ட பெயரின் முதலெழுத்துகளைக் கோத்துப் புழக்கத்துக்கு வந்த சுருக்கம் அது. நீலகண்டேஸ்வரர் சங்கம் இருக்கும் ஊரின் தெய்வம். 'நாட்டியம்' என்பது இங்கே நடனத்தைக் குறிக்கவில்லை. பரதரின் நூல் வழங்கும் பழைய பொருளில் நாடகத்தையே குறிக்கிறது. ஊர்ச்சாமியின் பெயரில் நாடகத்துக்குத் தொண்டு செய்யப் புறப்பட்ட ஒரு சிற்றூர்ச் சங்கம், முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக எப்படி நிலைத்து நிற்கிறது என்பதைக் கடந்த சில ஆண்டுகளாக நான் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டு வருகிறேன். அறிந்தவற்றை ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்ற விருப்பத்தால் இதை எழுதுகிறேன்.

சங்கம் இருக்கும் ஊர் ஹெக்கோடு. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், சாகரா என்ற தாலுக்காத் தலைநகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பெங்களூரிலிருந்து தாளகுப்பா செல்லும் இரவு ரயிலில் ஏறினால், விடியும் வேளையில் சாகரா ஜம்பகாரு நிலையத்தில் இறங்கலாம். ஜோக் அருவி இதே தாலுக்காவில் இருப்பதால் ரயிலில் வருவோரில் பெரும்பாலோர் அங்கே போகிறவர்கள். ஹெக்கோட்டுக்குச் செல்லும் சாலையின் இருபுறமும் காடும் மேடும் மாறி மாறி வரும். பள்ளத்தாக்கு தாழும் இடத்திலெல்லாம் கமுகந்தோப்பு. மேட்டில் வீடு, அதற்குக் கீழே தோப்பு, இன்னொரு சரிவில் அடுத்த வீடு என்று மக்கள் சிதறி வாழும் நிலம் இது. நம் ஊர்களைப் போலத் தெருவும் திண்ணையும் அக்கம்பக்கமுமாக நெருங்கிய குடியிருப்பு இங்கே இல்லை. கூடுவதற்கென்று ஒரு காரணமும் இடமும் ஏற்படுத்திக்கொண்டால்தான் மனிதர்கள் கூட முடியும். இந்த நில அமைப்பை நேரில் பார்த்த பிறகே, ஒரு நாடக அரங்கம் இவ்வூருக்கு ஏன் அவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பது எனக்குப் புரிந்தது.

தேவையோடு பழக்கமும் சேர்ந்திருந்தது. மழை நின்றபின் அறுவடை முடிந்த வயல்வெளியில் விடிய விடிய நடக்கும் யட்சகானம் என்ற கூத்து இப்பகுதி மக்களுக்குப் புதிதன்று. கம்பெனி நாடகங்களின் ஈர்ப்பும் கன்னட நாடெங்கும் பரவியிருந்த காலம் அது. மேலும், பாக்கு விளைவிப்போர் தனித்தனியாகச் சந்தைக்குப் போனால் தரகர் சொன்னதே விலையாகிவிடும் என்பதால், கூட்டுறவுச் சங்கம் அமைத்து விற்கும் வழக்கம் மலெநாடு எனப்படும் இந்த மலைப்பகுதியில் முன்பே வேரூன்றியிருந்தது. மலெநாடு பாக்கு விற்பனைக் கூட்டுறவுச் சங்கம் 1939இல் தொடங்கப்பட்டது. கூடிக் கணக்கு வைப்பதும், பொறுப்பைப் பகிர்வதும், பொதுப்பணத்துக்குப் பதில் சொல்வதும் கைவந்த மக்கள் நாடகத்துக்கும் ஒரு சங்கம் வைத்தார்கள் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நாடகக் குழு என்றோ மன்றம் என்றோ பெயரிடாமல் 'சேவா சங்கம்' என்று பெயரிட்டதில் அந்த மனப்போக்கு தெரிகிறது.

சங்கம் 1949இல் பிறந்தது. தொடங்கியவர்கள் ஊரைச் சேர்ந்த விவசாயிகள். தோப்பு வேலை முடிந்த பின் ஒத்திகை, ஆண்டுக்குச் சில நாடகங்கள், அவற்றைப் பார்க்க வரும் சுற்றுவட்டாரத்து மக்கள் என்ற அளவில்தான் அதன் தொடக்கம் இருந்தது. இப்படித் தொடங்கிய அமெச்சூர் நாடகச் சங்கங்கள் சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் இந்தியா முழுவதும் எத்தனையோ இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை தொடங்கியவர்களின் தலைமுறையோடு முடிந்துபோயின. ஹெக்கோட்டுச் சங்கம் முடிந்துபோகாததற்கு ஒரு மனிதரும் ஒரு காலமும் காரணம்.

அந்த மனிதர் கே.வி. சுப்பண்ணா. 1932இல் ஹெக்கோட்டுக்கு அருகிலுள்ள முண்டிகேசர என்ற சிற்றூரில் கமுகு விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவருடைய தந்தையும் ஒருவர். சுப்பண்ணா மைசூர் மகாராஜா கல்லூரியில் கன்னட இலக்கியம் படித்தார். கன்னடக் கவிஞர் குவெம்பு அங்கே ஆசிரியராக இருந்த காலம் அது. அக்காலத்தில் மகாராஜா கல்லூரிப் பட்டம் பெற்ற ஒருவர் பேராசிரியராகவோ அரசு அதிகாரியாகவோ மைசூரிலும் பெங்களூரிலும் வாழ்வதே வழக்கம். அவர் ஊருக்குத் திரும்பினார். தோப்பைப் பார்த்துக்கொண்டார், நாடகச் சங்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டார், 1950களின் பிற்பகுதியில் 'அக்ஷர பிரகாசன' என்ற பதிப்பகத்தையும் அதே சிற்றூரிலிருந்து தொடங்கினார். பெரிய நகரம் எதன் துணையுமின்றி ஒரு கிராமத்து முகவரியிலிருந்து வெளிவந்த அப்பதிப்பகத்தின் நூல்கள், நவீன கன்னட இலக்கியத்தின் போக்கைப் பின்தொடர விரும்புவோர் தவிர்க்க முடியாதவையாகிவிட்டன.

காலம் என்று நான் சொன்னது காகோடு போராட்டத்தை. ஹெக்கோடு இருக்கும் அதே சாகரா தாலுக்காவில் இருக்கிறது காகோடு. 1951இல் அங்கே குத்தகை விவசாயிகள் நிலக்கிழார்களுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் நடத்தினார்கள். நெல் அளக்கும் மரக்காலின் அளவில் தொடங்கிய சச்சரவு, உழுபவருக்கு நிலத்தின் மீது என்ன உரிமை என்ற கேள்வியாக வளர்ந்தது. சோசலிஸ்ட் சிந்தனையாளர் ராம் மனோகர் லோகியா நேரில் வந்து கைதானார். சோசலிஸ்ட் தலைவர் சாந்தவேரி கோபால கௌடா 1952 தேர்தலில் சாகரா பகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சுப்பண்ணாவின் தலைமுறை எழுத்தாளர்கள் பலரைப் போல அவரும் லோகியாவின் சிந்தனையால் ஆழமாகப் பாதிக்கப்பட்டவர். தோப்பு உடைய வகுப்பில் பிறந்த ஒருவர், தம் வாசலுக்கு அருகிலேயே குத்தகையாளர் எழுந்து நின்றதைக் கண்டபின், 'ஊருக்காக நாடகம்' என்ற சொல்லில் ஊர் என்பது யார் என்ற கேள்வியைத் தவிர்த்திருக்க முடியாது. நீநாசத்தின் பின்னாளைய முடிவுகள் பலவற்றுக்கும் வேர் இந்தக் கேள்வியில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

அடுத்த இருபது ஆண்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நாடகங்கள் தொடர்ந்தன, புத்தகங்கள் வெளிவந்தன, எழுத்தாளர்கள் வந்து தங்கினார்கள். கவிஞர் கோபாலகிருஷ்ண அடிகர் 1960களில் சாகராவின் கல்லூரிக்கு முதல்வராக வந்ததும் அப்பகுதியின் இலக்கியச் சூழலுக்கு வலுச்சேர்த்தது.

1972இல் நிரந்தர அரங்கம் எழுந்தது. அதற்குச் சிவராம காரந்த் ரங்கமந்திரம் என்று பெயர் வைத்தார்கள். நாவலாசிரியரும் யட்சகான ஆய்வாளருமான காரந்த் அப்போது உயிரோடு, முழு வேகத்தோடு இயங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு ஞானபீடம் கிடைத்தது அதற்குப் பின், 1977இல்தான். மறைந்தவர் பெயரையோ பதவியில் இருப்பவர் பெயரையோ கட்டடத்துக்கு வைப்பதே நாம் கண்டு பழகிய வழக்கம். வாழும் எழுத்தாளர் ஒருவரின் பெயரை ஒரு கிராமம் தன் அரங்கத்துக்கு வைத்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி. காரந்தே புத்தூர் என்ற சிற்றூரில் 'பாலவனம்' என்ற பெயரில் குழந்தைகளுக்கான கலைக்களம் ஒன்றை நடத்திக் காட்டியவர். ஊர்ப்புறத்தில் கலை நிறுவனம் வேரூன்ற முடியும் என்பதற்கு அவரே முன்னோடி என்பதால் அப்பெயர் முற்றிலும் பொருந்துகிறது.

கட்டடம் வந்ததும் என்ன மாறுகிறது என்பதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். சாகராவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும். பந்தல் போட்டு நாடகம் நடத்துகிறவர்களுக்கு ஆண்டில் நான்கு மாதங்கள் இல்லாத மாதங்களே. கூரையும் மேடையும் வந்ததும், அந்த நான்கு மாதங்கள் ஒத்திகைக்கும் பயிற்சிக்கும் உரிய மாதங்களாகிவிட்டன. விளக்குகளைப் பொருத்தலாம், கழற்றாமல் வைத்துக்கொள்ளலாம், திரையை இருட்டில் தொங்கவிடலாம். இருட்டு என்ற ஒன்று கிடைத்ததால்தான் அடுத்த ஆண்டே திரைப்படம் வந்தது.

1973இல் நீநாசம் சித்திரசமாஜ என்ற திரைப்படச் சங்கம் தொடங்கப்பட்டது. திரைப்படச் சங்கங்கள் அக்காலத்தில் கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் பெங்களூரிலும் இருந்தன. அவற்றின் உறுப்பினர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்த நகரவாசிகள். ஹெக்கோட்டில் பார்வையாளர்கள் விவசாயிகள், தோப்பில் கூலி வேலை செய்பவர்கள், இல்லத்தரசிகள், பள்ளி மாணவர்கள். அவர்களுக்கு முன்னால் சத்யஜித் ராயும் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவும் இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிக்காவும் திரையில் வந்தார்கள். 1964இல் தொடங்கப்பட்ட புணே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை வளர்த்தெடுத்த பி.கே. நாயர், காப்பகத்தின் படச்சுருள்கள் பெட்டிக்குள் உறங்கக் கூடாது என்ற எண்ணம் கொண்டவர். ஹெக்கோட்டுக்குப் படங்கள் வந்து சேர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. புணே திரைப்பட நிறுவனத்தில் திரைப்பட ரசனையைப் பாடமாகக் கற்பித்த சதீஷ் பகதூர் இங்கே வந்து பயிற்சி வகுப்புகள் நடத்தினார்.

ஆங்கிலத் துணைத்தலைப்பை வாசிக்க இயலாதவர்கள் ஜப்பானியப் படத்தை எப்படிப் பார்த்தார்கள் என்று நகரத்தவர் கேட்பதுண்டு. சுப்பண்ணாவும் நண்பர்களும் படத்தின் கதையையும் சூழலையும் கன்னடத்தில் எடுத்துச் சொன்னார்கள். திரைப்படக் கலை பற்றிக் கன்னடத்தில் எழுதினார்கள். இராமாயணக் கதை முழுவதும் முன்பே தெரிந்திருந்தும், இன்றிரவு இராவணனாக ஆடுகிறவர் அதை எப்படி ஆடுகிறார் என்று பார்ப்பதற்காக விடியும்வரை உட்கார்ந்திருக்கும் பார்வையாளருக்குக் கதை முன்கூட்டியே தெரிவது ஒரு குறையே அன்று. கதை தெரிந்துவிட்டதால் கண்கள் விடுதலை பெறுகின்றன. முகத்தையும் ஒளியையும் அசைவையும் பார்க்கின்றன. யட்சகானத்திலும் தெருக்கூத்திலும் பழகிய கண்கள் உலகத் திரைப்படத்துக்குத் தயாராகவே இருந்தன என்பதை நகரத்துத் திரைப்படச் சங்கங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. நாயரைப் பற்றி 2012இல் வெளிவந்த ஆவணப்படத்தில் ஹெக்கோட்டு மக்கள் தாம் பார்த்த படங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் பார்த்த வெளிநாட்டுப் படத்தை, தம் ஊரில் நடந்த நிகழ்ச்சி ஒன்றைப் போல நினைவுகூரும் அவர்களுடைய முகங்கள் எனக்கு மறக்கவில்லை.

டி சிக்காவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' படத்தில் சைக்கிளைப் பறிகொடுத்த தந்தையும் மகனும் ரோம் நகரின் தெருக்களில் அலைவதைப் புரிந்துகொள்ள ஒரு தினக்கூலித் தொழிலாளிக்கு என்ன தடை இருக்க முடியும்? கையிலுள்ள ஒரே கருவி போனால் வேலையும் போகும் என்பது திரைப்பட விமர்சகரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கிராமத்து மக்களுக்கு எளிமைப்படுத்தித்தான் தர வேண்டும், அவர்களுக்கு எட்டாததைத் தரக்கூடாது என்று நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் கருத்தை நீநாசம் முற்றாக மறுத்தது. உலகத்தில் எது சிறந்ததோ அது இவ்வூருக்கு வர வேண்டும் என்பதே அதன் நிலைப்பாடு. நான் அச்சங்கத்தை மதிப்பதற்கு இதுவே முதற்காரணம்.

1980இல் நாடகப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. கன்னட வழியில் ஓராண்டு டிப்ளமோ படிப்பு. கர்நாடக அரசின் ஆதரவும் உண்டு. ஆண்டுதோறும் சுமார் பதினைந்து இருபது மாணவர்கள், பெரும்பாலும் சிற்றூர்களிலிருந்து வருகிறார்கள். டில்லியின் தேசிய நாடகப் பள்ளியில் பயின்ற சிதம்பரராவ் ஜம்பே நெடுங்காலம் அப்பள்ளியை நடத்தினார். சமஸ்கிருத நாடக மரபு, மேலை நாடகம், யட்சகானம், நடிப்பு, ஒளியமைப்பு, ஒப்பனை, மேடைப்பொருள் செய்யும் கைவேலை எல்லாம் பாடத்தில் அடங்கும். ஆங்கிலமும் இந்தியும் அறியாத ஒருவர் நவீன நாடகத்தை முறையாகக் கற்க முடியாது என்றிருந்த நிலையை மாற்றியதே இப்பள்ளியின் முதன்மையான பணி.

பள்ளி வந்ததும் அதன் விளைவாக ஒரு சிக்கலும் வந்தது. ஓராண்டு பயின்று வெளியேறும் இளைஞர்களுக்கு அடுத்த ஆண்டு வேலை எங்கே? நகரத்துத் தொழில்முறைக் குழுக்கள் மிகக் குறைவு. கம்பெனி நாடகங்கள் நலிந்துவிட்டன. இதற்கிடையில், 1980களின் முற்பகுதியில் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு 'ஜனஸ்பந்தன' என்ற திட்டத்தை நீநாசம் நடத்தியிருந்தது. கர்நாடகத்தின் பல சிற்றூர்களுக்கும் சென்று திரைப்படவிழாக்களும் நாடகப் பட்டறைகளும் நடத்திய திட்டம் அது. அதனால் மாநிலம் முழுவதும் ஆங்காங்கே ஓர் ஆசிரியர், ஒரு மருத்துவர், ஒரு வங்கி ஊழியர் என்று நாடகத்தில் ஆர்வம்கொண்ட மனிதர்கள் நீநாசத்துக்கு நண்பர்களானார்கள். ஒருபுறம் வேலை தேடும் நடிகர்கள், மறுபுறம் நாடகம் தேடும் ஊர்கள். இரண்டையும் இணைத்துக்கொண்டு 1985இல் பிறந்ததே 'திருகாட்ட' என்னும் பயண நாடகக் குழு.

அந்தச் சொல்லை மொழிபெயர்க்கத் தேவையில்லை. சுற்றித் திரிதல் என்ற பொருள் நம் காதிலேயே விழுகிறது. மேளங்கள் எனப்படும் யட்சகானக் குழுக்கள் மழைக்காலம் முடிந்ததும் ஊர் ஊராகப் புறப்படும் பயணத்துக்குக் கன்னடக் கரையோரத்தில் வழங்கும் பழைய பெயர் அது. புதிய நிறுவனம் தன் புதிய செயலுக்குப் பழைய சொல்லையே எடுத்துக்கொண்டதோடு, பழைய கால ஒழுங்கையும் எடுத்துக்கொண்டது. மழை மாதங்களில் ஹெக்கோட்டில் ஒத்திகை. மழை ஓய்ந்த அக்டோபரில் ஊரார் முன்னிலையில் முதற்காட்சிகள். அதன்பின் சில மாதங்கள் கர்நாடகம் முழுவதும் பயணம். ஒவ்வோர் ஆண்டும் வழக்கமாக இரண்டு மூன்று நாடகங்கள்: ஒன்று கன்னடத்தில் எழுதப்பட்டதாக இருக்கும், ஒன்று காளிதாசனுடையதோ பாசனுடையதோவாக இருக்கலாம், இன்னொன்று ஷேக்ஸ்பியரோ மோலியரோ பிரெக்டோ ஆகலாம். நடிகர்களே மேடைப்பொருள்களை ஏற்றி இறக்குவார்கள், மேடை கட்டுவார்கள், இரவில் ஆடுவார்கள், கலைத்து மறுபடி வண்டியில் ஏற்றுவார்கள். அழைக்கும் ஊர்க்காரர்கள் காட்சிக்கான தொகையைத் தந்து, தங்குமிடத்தையும் உணவையும் ஏற்பாடு செய்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் நான் வியப்பது இந்தக் கடைசிச் செய்தியைத்தான். ஒரு குழு பல ஆண்டுகள் தொடர்ந்து பயணம் செய்ய வேண்டுமென்றால், ஒவ்வோர் ஊரிலும் அழைப்பதற்கு ஒருவர் இருக்க வேண்டும். கல்யாண மண்டபத்தைப் பேசி முடிப்பவர், நுழைவுச்சீட்டை வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுப்பவர், பதினைந்து இருபது பேருக்குச் சோறு வடிக்கும் குடும்பம், மின்சாரம் நின்றால் ஓடிப்போய் ஜெனரேட்டர் பிடித்து வருபவர் என்று பெயர் தெரியாத எத்தனையோ மனிதர்களின் உழைப்பின் மீது அந்த வண்டி ஓடுகிறது. கலை வரலாறு நடிகரையும் இயக்குநரையும் குறித்து வைக்கிறது. சோறு வடித்த குடும்பத்தைக் குறித்து வைப்பதில்லை. நீநாசத்தின் வரலாற்றை எழுதும்போது இவர்களை விட்டுவிட்டால் பாதி வரலாறே மிஞ்சும்.

'ஊர் என்பது யார்' என்ற பழைய கேள்வி, உத்தர கன்னட மாவட்டத்து மஞ்சிகேரியில் வேறொரு வடிவில் வந்தது. அப்பகுதிக் காடுகளில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, தப்பிக் காட்டுக்குள் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் என்பது அவர்களைப் பற்றிய வரலாறு. 1980களில் நீநாசத்தார் அம்மக்களோடு சேர்ந்து, நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் நாவலைத் தழுவிய நாடகம் ஒன்றைச் சிதம்பரராவ் ஜம்பேயின் இயக்கத்தில் மேடையேற்றினார்கள். பிரிந்து பல நூற்றாண்டுகளான ஒரு கண்டத்தின் கதையை, அக்கண்டத்திலிருந்து வந்தவர்கள், கன்னட மொழியில், தம் உடலசைவுகளோடும் தாளத்தோடும் ஆடினார்கள். பின்னாளில் சித்தி இளைஞர்கள் நீநாசத்தில் பயின்று தேர்ந்த நடிகர்களானார்கள். உலகத்துச் சிறந்ததை ஊருக்குக் கொண்டுவருவது என்பது வெறும் இறக்குமதி அன்று என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

நண்பர் என்னை அழைத்தது அக்டோபரில் நடக்கும் சம்ஸ்கிருதி சிபிர என்ற பண்பாட்டு முகாமுக்கு. திரைப்பட ரசனைப் பயிற்சியாகத் தொடங்கிய கூடுகை, பின்னர் இலக்கியம், நாடகம், இசை, சமூகம் என விரிந்து இப்பெயர் பெற்றது. மலெநாட்டைச் சேர்ந்தவரும் சுப்பண்ணாவின் வயதொத்தவருமான யு.ஆர். அனந்தமூர்த்தி, 2014இல் மறையும்வரை இம்முகாமின் நீங்காத குரலாக இருந்தார். நான் போனது அதற்குப் பின். காலையில் உரை, கேள்விகள், மதிய உணவுக்குப் பின் மீண்டும் உரை, மாலையில் நாடகம், மறுநாள் காலையில் முந்தைய இரவின் நாடகத்தைப் பற்றிய விவாதம் என்று நாள்கள் சென்றன. என் கன்னடம் கடைவீதிக் கன்னடம். தத்துவச் சொற்கள் வரும்போது தடுமாறினேன். பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், ஒவ்வொரு முறையும் குறிப்பேட்டில் எளிய கன்னடத்தில் எழுதிக் காட்டினார். மல்லியும் சீரகமும் வறுத்துப் பொடித்துப் பாலில் கொதிக்கவைத்த மலெநாட்டுக் கஷாயத்தை இடைவேளையில் ஆற்றிக் குடித்தபடி, முன்னிரவு நாடகத்தின் இரண்டாம் பாதி தளர்ந்துவிட்டது என்று ஒரு விவசாயி இயக்குநரிடமே நேராகச் சொன்னதைக் கேட்டேன். இயக்குநர் மறுக்கவில்லை, எந்த இடத்திலிருந்து தளர்ந்தது என்று திருப்பிக் கேட்டார். இருவரும் கால் மணி நேரம் நின்று பேசினார்கள்.

மாலை நாடகத்துக்கு முகாமில் தங்கியவர்கள் மட்டும் வருவதில்லை. இருட்டத் தொடங்கியதும் சுற்றுவட்டாரத்திலிருந்து இருசக்கர வண்டிகளிலும் ஜீப்புகளிலும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பாட்டிமார் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். பார்க்க வந்த இடத்தில் பழகிய கூட்டத்துக்கே உரிய ஓர் அமைதி அரங்கில் இருந்தது. ஆட்டம் தொய்ந்த இடத்தில் இருமலும் நெளிதலும் எழுந்தன, பிடித்த இடத்தில் மூச்சுச் சத்தமும் அடங்கியது. நன்கு தேர்ந்த பார்வையாளர்களை உருவாக்க ஒரு நிறுவனத்துக்கு எத்தனை ஆண்டுகள் ஆகும் என்ற கேள்விக்கான விடை அந்த இருட்டில் என்னைச் சுற்றி அமர்ந்திருந்தது.

சுப்பண்ணாவுக்கு 1991இல் மகசேசே விருதும் 2004இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. அவருக்கு 2003இல் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத் தந்த நூல் கவிராஜமார்க்கத்தைப் பற்றியது. ஒன்பதாம் நூற்றாண்டில் இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கனின் அவையில் எழுந்த அந்நூலே இன்று கிடைக்கும் கன்னட நூல்களில் மிகப் பழையது. காவிரியிலிருந்து கோதாவரி வரையிலான நாடு கன்னட நாடு என்று அது எல்லை வகுக்கும் செய்யுளைக் கேட்டதும், வடவேங்கடம் தென்குமரி என்ற தொல்காப்பியப் பாயிரம் நமக்கு நினைவுக்கு வராமல் இருக்காது. ஆனால் அச்செய்யுள் எல்லை சொல்வதோடு நிற்பதில்லை. அந்நாடு 'வசுதாவலய விலீன விசத விஷய விசேஷம்' என்கிறது. உலக வட்டத்துக்குள் கரைந்திருந்தும் தனித்துத் துலங்கும் நாடு என்பது பொருள். தன் ஊரில் இருப்பதும் உலகத்தில் இருப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்ற சுப்பண்ணாவின் வாழ்நாள் நம்பிக்கைக்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான சான்று அவருக்கு அங்கே கிடைத்தது.

அதே நூல் கன்னட மக்களைப் பற்றி இன்னொன்றும் சொல்கிறது: 'குரிதோததெயும் காவ்யப்ரயோக பரிணதமதிகள்'. முதற்சொல்லைப் பிரித்தால் 'குறித்து ஓதாமலும்' என்று தமிழாகவே நிற்கிறது. நூல்களை முறையாகக் கற்காவிட்டாலும், கவிதையைக் கையாள்வதில் முதிர்ந்த அறிவுடையவர்கள் இம்மக்கள் என்பது அதன் கருத்து. துணைத்தலைப்பை வாசிக்கத் தெரியாத தோப்புத் தொழிலாளர்களுக்கு முன் குரோசவாவைத் திரையிட்ட மனிதர், இவ்வரியை வெறும் புகழ்ச்சியாக வாசித்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

2005 ஜூலையில் சுப்பண்ணா காலமானார். ஒரு மனிதரைச் சுற்றி வளர்ந்த நிறுவனம் அவருக்குப் பின் சரிந்துவிடும் என்று அஞ்சியவர்கள் இருந்திருப்பார்கள். டில்லியிலும் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்திலும் நாடகம் பயின்று, தந்தையைப் போலவே ஊருக்குத் திரும்பிவந்த அவருடைய மகன் கே.வி. அக்ஷரா, ஏற்கெனவே நெடுங்காலமாக அங்கே இயக்குநராகவும் எழுத்தாளராகவும் பணியாற்றிக்கொண்டிருந்தார். பள்ளியில் பயின்ற பலர் தத்தம் ஊர்களில் குழுக்கள் தொடங்கியிருந்தார்கள். சிலர் ஆசிரியர்களாகத் திரும்பி வந்திருந்தார்கள். பள்ளியும் திருகாட்டவும் முகாமும் தொடர்ந்தன. பணத்தட்டுப்பாடு அவர்களுக்கும் உண்டு. அரசு மானியங்கள், காட்சித் தொகை, நண்பர்களின் நன்கொடை ஆகியவற்றைக் கொண்டு ஆண்டுதோறும் புதிதாகக் கணக்குப் போட்டுத்தான் நடத்த வேண்டியிருக்கிறது. தொலைக்காட்சியும் கைப்பேசியும் வந்தபின் மாலை நேரத்தில் ஒருவரை வீட்டிலிருந்து கிளப்புவது முன்பைவிடக் கடினம். சிவமொக்காவிலும் பெங்களூரிலும் வேலை கிடைத்த பிள்ளைகள் போய்விட, தோப்பு வீடுகளில் முதியவர்களே மிகுந்திருக்கும் நிலை மலெநாட்டிலும் உண்டு.

முகாமின் கடைசி இரவில் நாடகம் முடிந்து கூட்டம் கலைந்தபின் நான் அரங்கிலேயே சிறிது நேரம் இருந்தேன். சற்று முன்வரை அரசனாக நின்ற இளைஞர், ஒப்பனையைப் பாதி துடைத்த முகத்தோடு, அரண்மனைத் தூண் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்டேன். வடகர்நாடகத்துக் கிராமம் ஒன்றின் பெயரைச் சொன்னார். அடுத்த மாதம் அந்தப் பக்கமும் காட்சி இருக்கிறது, அம்மா முதன்முறையாகப் பார்க்க வருகிறார் என்றார். பிறகு தூணின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இருவருமாக அதை வெளியே தூக்கிச் சென்றோம்.